தீவைச் சுற்றி மூன்று முறை

படகுத்துறை சைக்கிள் கடை முன்னால் கிரீச்சென்று பிரேக் பிடித்து இறங்கினார் ஓட்டுநர். தீவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாயிற்று. முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். யாரையும் முந்த விட்டதில்லை. காரும் பஸ்ஸும் நுழையாத இந்தத் தீவில் முந்துவதற்கு மனைவிதான் அகப்பட்டாள். "உன்னோட உருட்டிக்கிட்டு வந்தா அஞ்சு மணி கடைசிப் படகைக் கோட்டை விட்டுடுவோம். நீ ஒரு சைக்கிள் எடுத்துக்கிட்டு மெதுவா பின்னாடி வா" என்று அவளை இதே இடத்தில் விட்டுவிட்டுப் பறந்திருந்தார்.

"ஒரு சோடா குடும்மா. எங்க வீட்டம்மா வர அரை மணி ஆகும்."

"அண்ணி ரெண்டாவது சுத்துக்கே கிளம்பிட்டாங்களேண்ணே," என்றாள் கடைக்காரி.

"என்னை எங்க தாண்டினா?"

"நீங்க நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்திருப்பீங்க."

எடுத்தது உண்மைதான். சோடாவைப் பாதியில் வைத்துவிட்டுப் பாய்ந்தார். குறுக்கு வழி என்று மணலில் இறங்கினார். சக்கரம் புதைந்து செயின் அறுந்தது. மீதி தூரம் சைக்கிள்தான் அவர்மேல் சவாரி செய்தது.

"வந்தாளா?"

"வந்து, தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டாங்க. வேர்க்கக்கூட இல்லண்ணே."

"வேற சைக்கிள் குடு!"

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. சிறுமிகள் ஓட்டும் ரோஸ் நிறச் சைக்கிள், கைப்பிடியில் ரிப்பன்.

"இந்தத் தடவை எதிர்ப்பக்கமா சுத்தறேன். எங்க தப்பிப்பா?"

முழங்கால் மோவாயில் இடிக்க, ரிப்பன் பறக்க மிதித்தார்.

"பெரியவரே, இது ஒருவழிப் பாதை! ரோடு ரூல் தெரியாதா?" என்று எதிரே வந்த ஒரு கும்பல் கத்தியது. முப்பது வருடத்தில் கேட்காத பேச்சு.

ஆனால் எதிரே அவள் வரவே இல்லை. பாறை வளைவில் கடல் சாலையை ஒட்டி மோதிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஓட்டுநருக்கு வேகம் மறந்துபோயிற்று, கடலைப் பார்த்துப் பார்த்து மிதித்தார்.

கடை வாசலில் சைக்கிளோடு சேர்ந்து விழுந்தார். படகு முதல் சங்கு ஊதியது.

"எங்கயுமே காணோம்மா! அவளுக்குச் சரியா பேலன்ஸே வராது. தெரிஞ்சும் விட்டுட்டுப் போனேனே, பாவி! நான் தோத்துட்டேன். ஆயுசுக்கும் அவ முன்னாடி போகட்டும், நான் பின்னாடியே வரேன். ஆள் வந்து சேர்ந்தாப் போதும்!"

கடைக்காரி உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"அண்ணி, வெளியே வாங்க! சைக்கிளைத் தொடாமலே ஜெயிச்சுட்டீங்க!"