கால் காலாகத் தின்ற போளி

ஆசிரியர் பயிற்சியை அப்போதுதான் முடித்தவர்கள் கையில் குழந்தைகளை உடனே ஒப்படைக்கக் கூடாது என்பது என் கட்சி. தலைக்கேறிய புதுச் சொற்களெல்லாம் இறங்கும்வரை அவர்களை ஆபீஸில் உட்காரவைத்து, புத்தகங்களுக்கு அட்டை போடச் சொல்லலாம். நானே அப்படி வந்து சேர்ந்தவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்தது திருவனந்தபுரத்தில், ஆரியசாலைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில். தமிழ்ப் பிரிவு, ஐந்தாம் வகுப்பு, தற்காலிக வேலை. ஆண்டு முடிவில் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். தலைமை ஆசிரியையும் மேனேஜரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் கரமனை வீட்டில் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கலாம். (என் துருவலைப் பார்த்தால் அம்மாவும் என்னைத் தற்காலிகமாகத்தான் வைத்துக்கொள்வாள்.)

பாடம், பின்னம். ஒவ்வொரு குழந்தையும் கற்கிற விதம் வேறு, எல்லாருக்கும் ஒரே மருந்து ஆகாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது உண்மை என்பதற்கு என் வகுப்பிலேயே பிரியா இருந்தாள். எண்கள் புத்தகத்தில் இருந்தால் அவளுக்கு இடம் மாறிவிடும். கால் என்று எழுதச் சொன்னால் நாலை மேலேயும் ஒன்றைக் கீழேயும் எழுதிவிட்டு, தப்பு என்று தெரிந்ததும் அழுவாள். ஆனால் கையில் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்துப் பங்கு வைக்கச் சொன்னால் ஒரு மிட்டாய் பிசகாது. அவளை நினைத்துத்தான் அந்த வகுப்பையே திட்டமிட்டேன்.

மூன்று குழுக்கள். வேகமாகப் படிக்கிறவர்களுக்கு ஒர்க்‌ஷீட். காதால் கேட்டுப் பிடித்துக்கொள்கிறவர்களுக்குக் கதை. பிரியாவைப் போலத் தொட்டுச் செய்து பார்க்கிறவர்களுக்கு, வெட்டுவதற்கு நிஜமான வட்டம். புத்தியுள்ளவர்கள் அட்டையில் வட்டம் வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நான் போளி கொண்டுபோனேன்.

விடிந்ததும் அம்மா தட்டிக் கொடுத்த போளி. மஞ்சள் நிறம், மெல்லிசு, நெய் வாசனை.

"எதுக்குடி இத்தனை போளி?" என்றாள் அம்மா.

"கணக்கு சொல்லிக்குடுக்கம்மா."

"ஏன், அந்த ஸ்கூல்ல சாக்பீஸ் குடுக்க மாட்டாளா?"

டப்பாவைத் திறந்ததுமே என் மாதிரி வகுப்பு முடிந்துவிட்டது. வாசனை கடைசி பெஞ்ச் வரை போனது. பாயசத்தோடு சேர்த்தே தின்று பழகிய திருவனந்தபுரத்துக் குழந்தை போளியைப் பார்த்தால் என்ன கேட்குமோ அதையே ஒருவன் கேட்டான்: "டீச்சர், பாயசம் எவிடெ?"

காதில் வாங்காதவள் மாதிரி, ஒரு ராஜா தன் நாட்டை நான்கு பங்காக்கிய கதையை ஆரம்பித்தேன். ராஜாவை யாரும் மதிக்கவில்லை. ஒர்க்‌ஷீட் குழுவிலிருந்து வகுப்பின் முதல் மாணவன் அருண் எழுந்தான்.

"டீச்சர், நல்லாப் படிக்கிற நமக்குப் பேப்பர், அவங்களுக்குப் போளியா? இது ந்யாயமில்லா!"

"ஒவ்வொருத்தருக்கும் தேவை வேற அருண்."

"எனக்கும் போளிதான் தேவை டீச்சர்."

பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்பே கொடி பிடித்துச் சமரம், அதாவது போராட்டம், பண்ணக் கற்றுக்கொள்கிறவர்கள். பென்சில்கள் கீழே போயின, முஷ்டிகள் மேலே போயின. "போளி வேணும்! நீதி வேணும்!" கதைக் குழுவும் ராஜாவைக் கைவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டது. இந்தக் களேபரத்தில் மூன்றாம் குழு பாடத்தைத் தின்றுகொண்டிருந்தது. "அரை எங்கேடா?" என்று கேட்டால், "வயித்தில டீச்சர்" என்றான் ஒருவன்.

கடைசி பெஞ்சிலிருந்து மேனேஜர் எழுந்து வந்தார். ஆரியசாலையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவர். என் சீட்டைக் கிழிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ நேராகப் பிரியாவின் மேஜைக்குப் போனார். அவள் ஒருத்திதான் தன் போளியைத் தின்னாமல் வைத்திருந்தாள்.

"மோளே, கால் போளின்னா எவ்வளவு? காட்டு பாப்போம்."

பிரியா ஸ்கேலால் வெட்டிக் கொடுத்தாள். மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டார்.

"கரெக்டு. இன்னும் ஒரு கால்?"

"இப்ப அரை ஆச்சு முதலாளி." (பிரியாவின் அப்பா அவர் கடையில் மூட்டை நிறுக்கிறவர்.)

"பின்னே?"

"முக்கால்."

சமரக்காரர்கள் கோஷத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பிரியா கடைசித் துண்டை நீட்டப் போய், கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"முதலாளிக்கு ஷுகர் உண்டுல்லா? கடையில சாயாகூட மதுரமில்லாமதான் குடிப்பீங்கன்னு அப்பா சொன்னாங்களே?"

"அத்தான்!" என்று ஒரு சத்தம். தலைமை ஆசிரியை மேனேஜரின் மனைவிக்குத் தங்கை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். "முழுப் போளியையும் தின்னுடுவீங்களா?"

மேனேஜர் கடைசித் துண்டையும் வாங்கி வாயில் போட்டு, நெய்க் கையை ஒர்க்‌ஷீட்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முழுசா எங்கே தின்னேன்? கால் காலாத்தானே தின்னேன்!"

"நாலு கால் சேர்ந்தா ஒண்ணு முதலாளி" என்றாள் பிரியா. அழாமல், தயங்காமல், அவரைத் திருத்துகிற குரலில்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பிரியாவுக்குப் பின்னம் வந்துவிட்டது! எனக்கு வேலை போய்விட்டது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

ஆபீஸில் தலைமை ஆசிரியை கொதித்தார். "இது கிளாஸா, கல்யாணப் பந்தியா? இந்தப் பொண்ணு வேண்டவே வேண்டாம்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அந்தக் குட்டிக்குக் கணக்கு வந்துதில்லையா? அதுக்குத்தானே இவங்களை வெச்சோம்? ஆர்டர் அடி." பிறகு குரல் தணிந்தது. "வீட்டில அக்காகிட்ட ஒண்ணும் சொல்லண்டா, கேட்டியா."

எனக்கு வேலை நிரந்தரமானது. இனி வகுப்புக்குள் தின்கிற சாமான் எதுவும் வரக்கூடாது என்பது தலைமை ஆசிரியையின் நிபந்தனை. அதன் பிறகு பிரியாவுக்கு எல்லாப் பின்னத்தையும் அட்டை வட்டத்தில்தான் நடத்தினேன். அதிலும் நன்றாகவே செய்தாள்.

வீட்டில் என் பயிற்சியை மதிப்பார் யாருமில்லை. வேலை வாங்கிக் கொடுத்தது தன் போளி என்று அம்மா கரமனை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். பிற்பாடு என்னைக் கல்யாணம் செய்துகொண்ட கணவருக்கும் அவள் வாயால் இந்தக் கதை மனப்பாடம். போன மாதம் டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை கூடியிருக்கே, ஸ்வீட் ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து என் கணவர் சொன்னார்: "முழுசா இல்லை டாக்டர். கால் காலாத்தான்."