தோளில் தேய்த்த களிம்பும் பலகையில் ஏறிய பெயரும்

கார்வர் ஃபால்ஸ், விஸ்கான்சின்
ஆகஸ்ட் 19, 2006, சனிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் கிளெட்டஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மார்லினைக் கட்டிய வெர்னான் ஹைட்கே வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், நாயும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் மனைவி பெர்னிஸ் அக்காவும், உங்கள் முதுகுவலி உட்பட, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடுகிறானே, இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்பீர்கள். போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். வாசலுக்கு வந்தால் பெர்னிஸ் அக்கா, "அவர் தூங்குறாருப்பா" என்கிறார். உள்ளே டிவியில் ஆட்டம் ஓடுவதும், நடுவரை நீங்கள் திட்டுவதும் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. முப்பத்தொரு வருடம் இந்த ஊருக்குத் தபால் கொடுத்தவன் நான். எவ்வளவு பெரிய கோபக்காரனும் தன் பெயர் போட்ட கவரைப் பிரிக்காமல் விடமாட்டான் என்பது என் அனுபவம். நாம் சண்டையில் இருப்பதால் 'நீங்கள்' என்று மரியாதையாக எழுதியிருக்கிறேன், கவனிக்கவும்.

விஷயம் இதுதான். வருகிற வியாழக்கிழமை நம் பங்குக் கோயிலின் பேஸ்பால் கமிட்டி கூடுகிறது. கோயில் மண்டபத்து ஹோம் ரன் பலகையில் இருக்கும் என் பெயரை அழிப்பதா, வைத்திருப்பதா என்று முடிவெடுக்கப் போகிறீர்கள். தலைவர் நீங்கள். அறுபத்தேழு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி ஒரு ஹோம் ரன் அடித்தேன். இனி ஒன்று அடிக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும், என் முழங்காலுக்கும் தெரியும். அதை அழிப்பதற்கு முன் என் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட வேண்டும் என்று தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.

எல்லாம் அந்த அட்டை ஊசியில் ஆரம்பித்தது. அதைச் செய்தது யார்? மூன்று வருடத்துக்கு முன் புது ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, ஆள் உயரத்துக்கு ஊசி செய்து, உள்ளே பச்சைப் பெயின்டில் மருந்து வரைந்தது நானா, நீங்களா? ஸ்டேடியத்தில் நம் அணியோடு மோத வரும் எதிரணியின் லாமார் டிஸ்டேல் மட்டையோடு வரும்போதெல்லாம் நாம் இருவரும் அதை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடிப்போம். இடது பக்கத்து மக்கள் மொத்தமும் "ஊசி! ஊசி!" என்று கத்தும். அவன் ஊக்கமருந்து போடுகிறான் என்று யாரும் சோதித்துக் கண்டுபிடிக்கவில்லை. நமக்குச் சோதனை எதற்கு? "கழுத்தைப் பாரு மச்சான், எருமைக்குக்கூட இப்படி இருக்காது" என்று நீங்கள் சொன்னீர்கள், நானும் பார்த்தேன், அதுவே தீர்ப்பு. அப்படி இருக்கும்போது ஏப்ரலில் நம்ம அணியின் ராய்ஸ் டகெட் மாட்டினான். நிஜமாகவே சோதனை, நிஜமாகவே ஸ்டீராய்டு, ஐம்பது ஆட்டம் தடை. பேப்பர்காரர்கள் கேட்டதற்கு, "வைட்டமின்னு நெனச்சுச் சாப்பிட்டேன்" என்றான். நான் சொன்னேன், அத்தனை வேகப் பந்தையும் கண்ணால் படிக்கிறவனுக்கு டப்பா மேலே இருக்கிறதைப் படிக்கத் தெரியாதா என்று. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பாவம், சின்னப் பையன், யாரோ குடுத்து ஏமாத்திட்டாங்க" என்றீர்கள். அந்தச் சின்னப் பையனுக்கு முப்பத்தைந்து வயது, மச்சான். முன்னந்தலையில் முடிகூட இல்லை.

ஊர் முழுக்க இதே கதைதான். முடிவெட்டும் டெல்மர் என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே சொல்கிறான்: "வெர்னான், டிஸ்டேல் தின்னது திருட்டுத்தனம். நம்ம டகெட் தின்னது காயம் ஆறுறதுக்கு. ரெண்டும் ஒண்ணா?" கத்தி இருந்த இடத்தை உத்தேசித்து நான் பதில் சொல்லவில்லை. பங்குத்தந்தை இருக்கிறாரே, டிஸ்டேல் விஷயத்தில் பத்துக் கட்டளையை விளக்கியவர், டகெட் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பைப் பற்றி நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எனக்குப் பொறுக்கவில்லை. டகெட் தடை முடிந்து ஜூன் கடைசியில் திரும்பி வந்த நாள், உங்களிடம் சொல்லாமல் அந்த ஊசியைக் கொண்டுவந்து, அவன் மட்டையோடு வரும்போது ஒற்றை ஆளாகத் தூக்கிப் பிடித்தேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் என் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் பின்வரிசையிலிருந்து ஒரு டம்ளர் பீர் வந்தது. அப்புறம் கடுகுச் சாஸோடு ஒரு பாதி சாசேஜ். இருக்கை காட்டும் பையன் ஓடிவந்து, "சார், அத எறக்குங்க சார்" என்றான். "போன வருஷம் இதே ஊசிக்கு நீதானேப்பா கதவைத் தெறந்துவிட்ட?" என்றேன். "அது வெளியூர்க்காரனுக்கு சார், இது வேற சார்" என்றான். இருபத்தேழு வருடம் நான் உட்கார்ந்த இடத்தில் நான்காயிரம் பேர் என்னைப் பார்த்து ஊளையிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் எழுந்தீர்கள். எனக்குப் பரிந்து பேசத்தான் எழுந்தீர்கள் என்று நினைத்தேன். "நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டுக் கூடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அன்றிலிருந்து மூன்றாவது மாடியில், தூணுக்குப் பின்னால், ஆட்டமே சரியாகத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பைனாகுலரில் பார்த்தேன்.

ஏன் செய்தேன் என்று ஒரு தடவையாவது கேட்டாயா மச்சான்? அவன் ஐம்பதாவது ஹோம் ரன் அடித்த அன்றைக்கு நான் அழுதேன், நீ பார்த்தாய், உன் கைக்குட்டையைத்தான் கொடுத்தாய். டிஸ்டேல் எதைத் தின்றால் எனக்கென்ன? இவன் நம்ம ஆள். நம்ம ஆள் ஏமாற்றினால்தானே வலிக்கும்? மன்னிக்கவும், 'நீ' என்று வந்துவிட்டது. திரும்ப மரியாதைக்கு வருகிறேன்.

அடுத்த வாரமே ஜூலை நாலாம் தேதி, லூத்தரன் சபைக்காரர்களோடு நம் பெரியவர்கள் ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸில் பந்து மெதுவாக, பூசணிக்காய் சைஸில் வந்தது. அடித்தேன். அது வேலியைத் தாண்டி, கல்லறைத் தோட்டத்தில், உங்கள் அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் விழுந்தது. நான் சுற்றி ஓடிவருவதற்குள் ஒருவன் காபி குடித்து முடித்துவிட்டான் என்கிறார்கள், போகட்டும். அணி முழுவதும் வரிசையாக நின்று எனக்குக் கை கொடுத்தது. நீங்கள் மட்டும் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் ஷூவில் கயிறே கிடையாது, ஒட்டும் பட்டைதான். அன்றைக்கு மண்டபத்துப் பலகையில் என் பெயரை எழுதினார்கள். நான் தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

சும்மா இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் அச்சடித்த உண்மை. அந்த ஆட்டத்தில் லூத்தரன் குன்னார் என்கிற எழுபது வயதுக்காரர் மூன்று ஹோம் ரன் அடித்தார். எனக்குச் சந்தேகம். கூட்டத்தில் எழுந்து, ஆகஸ்ட் ஆட்டத்துக்கு முன் இரண்டு சபைக்காரர்களும் வீட்டில் இருக்கிற மருந்தையெல்லாம் காகிதப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும், ஓய்வுபெற்ற நர்ஸ் இர்மா பரிசோதிக்க வேண்டும், மருந்தால் அடித்த அடி பலகையில் நிற்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். உங்களைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். நீங்கள், "இவனுக்கு வேற வேலை இல்ல" என்று மட்டும் சொன்னதாகக் குறிப்பேட்டில் இருக்கிறது.

போன சனிக்கிழமை மண்டபத்தில் மேஜை மேல் முப்பத்திரண்டு பை. ரத்த அழுத்தம், சர்க்கரை, மலச்சிக்கல், தூக்கம் வருவதற்கு ஒன்று, தூக்கம் வராமல் இருப்பதற்கு ஒன்று. பதினைந்து பேரின் அந்தரங்கம் ஊருக்கே தெரிந்து, மூன்று வீட்டில் பெண்சாதிகள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். குன்னார் பையில் இருமல் மிட்டாய் மட்டும்தான். கடைசியாக என் பை. இர்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு டியூபை எடுத்தார்.

"வெர்னான், இது என்னது?"

"தோள் வலிக்கு. டாக்டர் குடுத்தார். தினம் காலையில தோள்ல தேய்க்கிறேன்."

"தோள்லதான் தேய்க்கணும். ஆனா வலிக்கு இல்ல. இது டெஸ்டோஸ்டிரோன். ஆம்பளை ஹார்மோன். டகெட் மாட்டினானே, அதே சாதி."

மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி என்று எழுத ஆசைதான். உண்மையில் சிரித்த சிரிப்பில் காபி அடுப்பே அணைந்துவிட்டது. நான் சத்தியம் செய்தேன். மார்ச்சில் அசதி என்று டாக்டரிடம் போனது நிஜம். அவர் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். ஆனால் அன்றைக்குப் பயிற்சி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், என் கோட்டுக்குள் ரேடியோ, காதில் வயர். தலையை மட்டும் ஆட்டினேன். வயரைக் கழற்றும்போது, "தோள்ல தேய்ங்க" என்பது மட்டும் கிடைத்தது. இதை அப்படியே சொல்லி, "வலி மருந்துன்னு நெனச்சுத்தான் தேய்ச்சேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் இதே வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று எனக்கு உறைத்தது. இர்மா விடவில்லை. "முப்பத்தொரு வருஷம் ஊர்ல எல்லார் கவர்லயும் அட்ரஸ் படிச்ச. உன் டியூப்ல ஒட்டியிருந்த சீட்டை மட்டும் படிக்கலையா?" என்றார்.

இப்போது லூத்தரன்கள் என் தீர்மானத்தையே நீட்டி, என் பெயரை அழிக்கச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் எனக்கு வால் துண்டுதான் போடுகிறார்கள். டெல்மர் என்னை, "வாப்பா டகெட்டு" என்கிறான். உங்கள் தங்கை என்னைக் காப்பாற்றுவாள் என்று பார்த்தால், "அந்த மருந்துல ஒரு பலனும் எனக்குத் தெரியலையே" என்று பெண்கள் வட்டத்தில் சொல்லியிருக்கிறாள். இது எனக்கு ஆதரவா, எதிரா என்று இன்னும் விளங்கவில்லை.

ஆகவே தலைவர் அவர்களே, மருந்து தோளில்தான் இருந்தது, பந்தைப் பார்த்தது என் கண் என்பதைக் கருதி, என் பெயரை விட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓரத்தில், சந்தேகத்துக்குரிய அடி என்பதற்கு ஒரு சின்ன நட்சத்திரக் குறி போட்டுக்கொள்ளுங்கள், சம்மதம். ஆனால் என் தவறையும் டகெட் தவறையும் ஒன்றாக்காதீர்கள். நான் அறியாதவன், அவன் அறிந்தவன். அவனுக்காக இந்த இரண்டு கையும் இனி ஆயுளுக்கும் தட்டாது. அவன் மட்டையோடு வரும்போது நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது கொள்கை, இதில் மாற்றமில்லை.

ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளும், பெர்னிஸ் அக்காவுக்கு உங்களைத் தாங்கும் பொறுமையும், நம் அணிக்கு இடதுகைப் பந்துவீச்சாளர் ஒருவரும் அருள்வாராக.

இப்படிக்கு,
கொள்கை தவறாத மைத்துனன்,
வெர்னான் ஹைட்கே

பின்குறிப்பு: ஞாயிறு சாயங்காலம். கவரை இன்னும் ஒட்டவில்லை. இன்னைக்கு மத்தியானம் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். நீ மேலே இல்லை, பைனாகுலர்ல தேடினேன், பெர்னிஸ் அக்காவுக்குக் காய்ச்சலாம், மார்லின் சொன்னாள். அதனால் நீ நேரில் பார்க்கவில்லை. பதினோராவது இன்னிங்ஸ், ரெண்டு பேர் அவுட், ஒரு ரன் பின்னால் இருக்கிறோம், டகெட் வந்தான். நான் செருப்பைத்தான் பார்த்தேன், சத்தியமா. மட்டைச் சத்தம் கேட்டதும் தலை தானா நிமிர்ந்துடுச்சு. போச்சு மச்சான், பந்து போச்சு, ஸ்கோர் போர்டுக்கு மேல, ஏற்கெனவே களத்துல நின்ன ஒருத்தனும் டகெட்டுமா ரெண்டு பேரும் சுத்தி ஓடி வந்துட்டானுங்க, ரெண்டு ரன், ஜெயிச்சுட்டோம்! நான் சீட்டு மேலே ஏறி நின்னு கத்தினேன், தொண்டை கட்டிப்போச்சு, அதனாலதான் போன் பண்ணலை. அப்புறம் உன்னைக் கட்டிப்பிடிக்க இடது பக்கம் திரும்பினேன். இருபத்தேழு வருஷப் பழக்கம், கை தானாப் போகுது. அங்கே மடக்கின நாற்காலிதான் இருந்துச்சு. ஊரே குதிக்குது, நான் மட்டும் அப்படியே உட்கார்ந்துட்டேன். மேலே எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போடு. வியாழக்கிழமை என் பேரை அழிச்சுடு, நீயே உன் கையால அழி, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் வந்து பக்கத்துல உட்காரு.