கொடியின் மறுநுனி

ஒரு காட்டில் என்றுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. புலியை வைத்துக்கொண்டு வேறெங்கே தொடங்குவது? அந்தக் காட்டிலேயே உயரமான மருத மரத்தின் உச்சியில் அரசாயி என்ற மந்தி உட்கார்ந்திருந்தாள். புலி கிளம்பினால் முதலில் அவள் கண்ணில்தான் படும். அதனால் முயல் மரத்தடிக்கு வந்து நிற்கும்.

"ஏனுங்க, புலி வருதுங்களா?"

"இல்லீங்க."

நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வரும். "இப்பங்க?"

முயல் போனால் பன்றி, பன்றி போனால் கீரி. கணினிக்காரர்கள் சர்வர் என்று சொல்கிறார்களே, அந்த உத்தியோகம்தான் இது. ஒருநாள் அவள் குனிந்து கீரிக்கு "வரலீங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, புலி பின்பக்கமாக வந்து பன்றியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அன்று அரசாயி யோசித்து ஒரு வழி கண்டாள். ஆளுக்கொரு நீளக் கொடி. ஒரு நுனி அவள் கிளையில், மறுநுனி அவரவர் இருப்பிடத்தில்.

"இனிமே யாரும் வந்து கேக்க வேண்டாம். புலி வந்தா நானே மூணு தரம் இழுக்கறேன். உங்களுக்கு ஒண்ணுன்னா நீங்க இழுங்க. கொடி எப்பவும் கட்டினபடியே கெடக்கட்டும்."

காடு நிம்மதியாக மேய்ந்தது. வனத் தலைவர் யானையார் பக்கத்துக் காட்டுக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டு, கனெக்‌ஷன் என்ற புது வார்த்தையோடு திரும்பி வந்தார்.

தொல்லை எங்கே வந்தது என்றால், சிலர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு மலைக்குக் குடிபோய்விட்டார்கள். ஆளில்லாத கொடிகளின் பாரத்தில் கிளை முறியப் பார்த்தது. ஆகவே அரசாயி அவ்வப்போது ஒவ்வொரு கொடியையும் ஒருமுறை சுண்டுவாள். இருக்கிறாயா என்று அர்த்தம். மறுநுனியில் இருப்பவர் திருப்பி ஒருமுறை சுண்ட வேண்டும். பதில் வராவிட்டால் கொடி கட்.

இதில் மாட்டிக்கொண்டவள் பூவாத்தா என்ற புள்ளிமான், அரசாயியின் உயிர்த்தோழி.

"ஏம்புள்ள, சுண்டினா பதிலே காணோம்?"

"குட்டி பால் குடிச்சுட்டு இருந்துச்சு."

"நேத்து?"

"நேத்து புல்லு நல்லா இருந்துச்சு."

யானையார் விடவில்லை. "பதில் சொல்லாத கனெக்‌ஷனை வெச்சுட்டு இருந்தா நமக்குத்தான் கேவலம். வெட்டு!" தோழியின் கொடியைப் பல்லால் கடித்தபோது அரசாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கடித்து அறுத்தாள்.

சுண்டுவதும் பதிலுக்குக் காத்திருப்பதுமாக அவள் தலை மறுபடியும் குனிந்தே கிடந்தது. புலி சாவகாசமாக வந்து முயலைத் தின்றது. வாயைத் துடைக்கும்போது பக்கத்தில் முயலின் கொடி துடித்தது. விளையாட்டாகப் புலி திருப்பிச் சுண்டியது. மேலே மந்தி திருப்தியாக அடுத்த கொடிக்குப் போய்விட்டாள். புலிக்கு விஷயம் பிடிபட்டது. அடுத்தடுத்த கொடிகள் போன வழியே போனால் ஒவ்வொன்றும் யாராவது ஒருவர் வீட்டுக்கே கொண்டுபோய் விட்டது. தின்று முடித்ததும், அலைச்சல் எதற்கென்று நுனிகளையெல்லாம் தன் புதருக்கே இழுத்துக்கொண்டு வந்து வைத்துக்கொண்டது.

அதன்பிறகு காட்டில் சேவை அப்படியொரு சேவை. சுண்டிய கையை எடுப்பதற்குள் பதில்! யானையார் வந்து அரசாயிக்கு மாலை போட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் பூவாத்தா மரத்தடிக்கு வந்தாள். "அரசாயி, காட்டுல ஒருத்தரையும் காணோமே?"

"கொடி இல்லாதவளுக்கு என்ன தெரியும்? எல்லாரும் இருக்காங்க, பாரு." வரிசையாகச் சுண்டினாள். எல்லாக் கொடிகளும் பதில் சொல்லின. ஆனால் நாலா திசையிலும் விரிந்து கிடந்த கொடிகள் எல்லாம் இப்போது ஒரே புதரைப் பார்த்து நீண்டிருந்தன. புதருக்கு வெளியே கோடு போட்ட வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

அரசாயி அந்த வாலைப் பார்த்தாள். பழக்க தோஷம், எல்லாக் கொடியையும் மூன்று முறை இழுத்தாள். புலி வருகிறது என்று புலிக்கே சேதி போனது. கிடைத்தது என்று புலி மரியாதையாக ஒருமுறை சுண்டியது.

இருவரும் யானையாரிடம் ஓடினார்கள். புலி யானையைத் தின்னாது. ஆகவே அவர் நிதானமாகக் கேட்டார்.

"பதில் வருதா?"

"வருதுங்க. ஆனா புலிதானுங்க..."

"அறுந்த கொடி உண்டா?"

"ஒண்ணுமில்லீங்க."

"அப்பறம் என்ன குறை? இவ ஒருத்திதான் கனெக்‌ஷன் இல்லாம திரியறா. இன்னைக்கே ஒண்ணு குடு!"

மரத்தடிக்குத் திரும்பியதும் பூவாத்தா புலியின் புதரைத் திரும்பிப் பார்த்தாள். "கொடி வர்ற வழியே அதுவும் வந்துருமே."

அரசாயி புதுக்கொடி ஒன்று பறித்தாள். ஒரு நுனியைக் கிளையில் கட்டினாள். மறுநுனியைத் தன் வாலில் முடிந்துகொண்டாள். "குட்டியக் கூட்டிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிரு. யாரு கேட்டாலும் நீ இங்கதான் இருக்கறே."

அன்று முதல் பூவாத்தாவின் கொடியை அரசாயியே சுண்டுகிறாள், அவளே வாலை ஆட்டிப் பதிலும் சொல்லிக்கொள்கிறாள். யானையாருக்குப் பரம திருப்தி. "மானு திருந்திட்டா. ஆனா மத்தவங்க அளவுக்கு வேகம் பத்தாது" என்கிறார்.

நீதி: கூப்பிட்ட உடனே பதில் சொல்கிறவனை நம்பாதே, அவனுக்குச் சாப்பாடு ஆகிவிட்டது.