துருநீக்கி சுவாமியின் உப்பு முடிச்சு

கஹவத்தைக் கோயில் மைதானத்தில் பழைய கார்கள் வரிசையாக அருள் வாங்க நின்றன. ஆமாம், கார்கள்தான்! மனிதருக்குச் செவ்வாய் தோஷம் என்றால் காருக்குத் துரு தோஷமாம். கண்டுபிடித்தவர் துருநீக்கி சுவாமிகள். இரும்புக்கே சாதகம் கணித்த மகான் உலகில் அவர் ஒருவர்தான்.

வரிசையில் ஐயாவுவும் நின்றார். அவருடைய மொறிஸ் மைனர் தேயிலைத் தோட்டத்துக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஹயர் ஓடும் கார். வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். தோட்டத்து ரோட்டில் கல் தெறித்துப் பெயின்ட் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் மழை இறங்கித் துரு ஏறியது. மழை ஓயாத ஊரில் இதற்குத் தோஷம் வேறு வேண்டுமா? ஐயாவு அப்படி யோசிக்கவில்லை. யோசிக்கச் சுவாமிகள் இருக்கும்போது இவருக்கு ஏன் அந்தச் சிரமம்?

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. ஒங்க காருக்கு ரெண்டும் பட்டிருக்கு!" என்று போன மாதமே சொல்லியிருந்தார் சுவாமிகள்.

கண்ணூறு கழிக்க உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவது நம் சனத்தின் வழக்கம். சுவாமிகள் அதிலும் புதுமை செய்தார். மந்திரித்த உப்பை ஈரத்துணியில் முடிந்து, கதவுக்குள்ளும் கால்மிதிக்கு அடியிலும் வைக்கச் சொன்னார். ஐயாவுவும் பயபக்தியோடு வைத்தார். பொட்டளவு இருந்த துரு வடையளவு ஆனது.

"சாமி, காரோட அடித்தட்டே ஓட்டையாப் போச்சுங்க. அடுத்த கெழம பொண்ணு மாப்பிள்ள ஏறணும். மிதிச்சா காலு ரோட்டுல படும்!" என்று இன்று முறையிட்டார் ஐயாவு.

"தோஷம் வெளியேறுதய்யா! பொண்ணு பூமியத் தொட்டுக்கிட்டே போனா பூமாதேவி ஆசீர்வாதம். இன்னும் ரெண்டு முடிச்சு வைங்க."

"அரோகரா!" என்றது கூட்டம்.

அப்போது ஐயாவுவின் மனைவி மல்லிகா முன்னால் வந்தாள். கையில் இரண்டு ஆணி.

"ரெண்டும் ஒரே கடையில வாங்கினதுங்க சாமி. ஒண்ணுக்கு கிரீஸ் பூசினேன். மத்தத ஒங்க முடிச்சுக்குள்ள வச்சேன். பாருங்க."

ஒன்று பளபளத்தது. மற்றது சிவந்து பொருக்கு விட்டிருந்தது.

"ஆணிக்குப் பக்தி இல்லம்மா!" என்றார் சுவாமிகள், கண் இமைக்காமல்.

"சரிங்க. ஒங்க காருக்குப் பக்தி இருக்கும்ல?"

மல்லிகா, சுவாமிகளின் முன்னால் இருந்த மந்திரித்த உப்புத்தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாள். ஓரமாக மினுங்கி நின்ற சுவாமிகளின் பழைய ஒஸ்டின் காரை நோக்கி நடந்தாள்.

"ஐயோ, ஊத்தாதடி! உப்புப் பட்டா துரு புடிச்சிரும்!" என்று அலறினார் மகான்.

ஐயாவு ஒஸ்டினின் கதவைத் திறந்து, கால்மிதிக்கு அடியிலும் காருக்கு அடியிலும் கைவிட்டுத் துழாவினார். முடிச்சு ஒன்றுகூட இல்லை. மூலை முடுக்கெல்லாம் கெட்டியாகக் கிரீஸ்! நம் சோற்றில் நாமே உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறோம் என்று அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து சுவாமிகளின் காவித்துண்டைப் பற்றினார். துண்டு கையோடு வந்தது. சுவாமிகள் ஒஸ்டினில் பாய்ந்து, ஓப்பநாயக்க ரோட்டில் பறந்தார்.

ஐயாவு அங்கேயே முடிச்சுகளைப் பிய்த்தெறிந்துவிட்டு, அந்தக் காவித்துண்டாலேயே காரைத் துடைக்கத் தொடங்கினார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் மெல்ல வந்து மல்லிகாவைக் கும்பிட்டார்.

"அம்மா, அந்தக் கிரீஸ ஒங்க கையால மந்திரிச்சுத் தருவீங்களா?"

"தர்றேங்கண்ணே. மொதல்ல ஒங்க தலையக் காட்டுங்க, அதுக்குப் பூசுவோம். பாவிக்காமயே வச்சிருந்து துரு புடிச்சிருக்கு!"