சரவெடிக்கு அசையாத சித்தன்

தேய்பிறை அஷ்டமி வந்துவிட்டால் வல்லத்திராக்கோட்டையில் மனிதர் நடக்க வழி கிடையாது. அன்று நாய்கள் காரில் வந்து இறங்கும். மாலை போட்ட நாய், பொட்டு வைத்த நாய், பட்டுத்துண்டு கட்டிய நாய். சங்கிலியின் மறுமுனையில் சொந்தக்காரர்கள் வியர்வையோடு இழுபட்டு வருவார்கள். எல்லாம் வேட்டை நாய்கள். வேட்டைக்குத் தடை வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது இவை வேட்டையாடுவதெல்லாம் சொந்தக்காரரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும்தான். அதனால் என்ன? கௌரவம் இருக்கிறதே, அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டாமா?

சான்றிதழ் கொடுப்பவர் பைரவசாமி திருமுருகன். சாமியாவதற்கு முன்பு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடையை மூடினாலும் லேமினேஷன் மெஷினை மட்டும் விடவில்லை. நாயின் நெற்றியில் திருநீறு பூசிக் கண்ணை மூடினால் அதன் ஏழு தலைமுறையும் அவருக்குத் தெரிந்துவிடும். ஏழாவது தலைமுறையில் கட்டாயம் ஓர் அரண்மனை வரும். குப்பைத்தொட்டிப் பக்கம் பிறந்ததாக இதுவரை ஒரு நாயைப் பற்றியும் பைரவர் சொன்னதில்லை. தாயின் பெயர் என்ற இடத்தில் எல்லா நாய்க்கும் ‘பைரவி’. பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டி லேமினேட் செய்தால் அதுதான் ‘பைரவ வம்சப் பட்டயம்’. முறையான பதிவு, மைக்ரோசிப் என்று யாராவது வாயைத் திறந்தால், “அதெல்லாம் வெள்ளைக்காரன் நாய்க்கு” என்று சிரிப்பார். கூட்டமும் சிரிக்கும்.

பட்டயத்துக்காக மட்டும் இவ்வளவு பேர் வரமாட்டார்கள். வருவது சித்தனைப் பார்க்க. சித்தன் சாமி வளர்க்கும் வெள்ளை நிற ராஜபாளையம் ஆண் நாய். பூசையின்போது அதன் முதுகுக்குப் பின்னால் உறுமி அடிப்பார்கள், சரவெடி கொளுத்துவார்கள். வந்த நாயெல்லாம் காருக்கடியில் புகுந்து நடுங்கும். சித்தன் மட்டும் காதைக்கூட அசைக்காமல் மேடையில் உட்கார்ந்திருக்கும். தியானம்! ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிறகு சாமி எதிரில் வந்து வலது கையை உயர்த்தி, “சித்தா!” என்று அழைப்பார். அது துள்ளி எழுந்து அவர் காலடிக்கு ஓடும். உடனே கற்பூரம்.

அன்று அழகி தன் பெட்டை நாய் மின்னலோடு வந்திருந்தாள். கணவன் சிங்கப்பூரில். இங்கே கடலைக்கொல்லையும் ஆடுகளும் மின்னலும் அவள் பொறுப்பு. மின்னலையும் அதன் கூடப் பிறந்த முத்துவையும் சாமியிடம்தான் வாங்கினாள். இரண்டுமே சித்தனுக்குப் பிறந்தவை. முத்துவும் எந்தச் சத்தத்துக்கும் அசையாது, அதைச் சாமி ‘தியான அம்சம்’ என்றார். போன வருடம் சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்தது. “தியானத்துலேயே சமாதி அடஞ்சிருச்சு தாயி” என்றார் சாமி. அழகி அழுதாள், நம்பினாள். முத்துவைப்போல இன்னொரு குட்டி வேண்டும் என்று கேட்டாள். மின்னலைச் சித்தனோடு சேர்க்கச் சாமி இந்த அஷ்டமியையே நாளாகக் குறித்துக் கொடுத்தார். ஆமாம், மகளை அப்பனோடுதான். வீட்டுக் கல்யாணத்தில் பங்காளி முறை என்று தெரிந்தால் பந்தலைப் பிரித்துவிடும் ஊர், பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று சாமி சொன்னதும் தேங்காய் பழத்தோடு வந்து நின்றது.

அழகி வீட்டு மாடியில் குடியிருக்கும் ஷர்லியும் கூட வந்திருந்தாள். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. வெடிச் சத்தம் அடங்கியதும் அழகியின் தோளைத் தொட்டாள்.

“அக்கா, நாயோட கண்ணப் பாருங்க. சாமி கையையே பாத்துக்கிட்டு இருக்கு.”

“அது ஞானப் பார்வை டீச்சர்.”

“எங்கிட்டப் படிக்கிற பிள்ளைகளும் இப்படித்தான் பாக்கும்.”

அழகி பதில் சொல்வதற்குள் ஷர்லி மேடைக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.

“சாமி, ஒரு சந்தேகம். இதோட தியானம் எப்பக் கலையும்?”

“இடியே விழுந்தாலும் கலையாது. எங் குரலுக்கு மட்டுந்தான் கலையும். எங் குரல் அவனுக்குப் பைரவர் குரல்.”

“கையத் தூக்க வேணாங்களா?”

“கை எதுக்கு? குரல் போதும்!” என்று மைக்கிலேயே சொன்னார் சாமி.

“அப்பச் சரிங்க. ஒரு வேட்டிய மறைப்பாப் பிடிக்கச் சொல்றேன். அதுக்கு அங்கிட்டு நின்னு கூப்பிடுங்க.”

சாமி, பைரவரைச் சோதிக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். ஆனால் அவரை மாட்டிவிட்டவர்கள் அவருடைய பக்தர்களேதான். “கூப்பிடுங்க சாமி! டீச்சருக்குப் புத்தி வரட்டும்!” என்று கத்தினார் செல்லமுத்து. பட்டயம் வாங்கிய கோம்பை நாய் ஒன்றின் சொந்தக்காரர் அவர். வேட்டியின் ஒரு முனையையும் அவரே பிடித்துக்கொண்டார்.

“சித்தா!”

காருக்கடியில் கிடந்த நாயெல்லாம் தலையைத் தூக்கின. மின்னலின் காது விறைத்தது. சித்தன் தன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

“சித்தா! டேய்... சித்தா!” மைக் கீச்சிட்டது. சித்தன் அடுத்த பாதத்துக்குப் போயிற்று.

“ரொம்ப ஆழத்துக்குப் போயிருச்சு போல” என்றார் ஒருவர். நம்பிக்கை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஷர்லி குரல் கொடுக்காமலே சித்தனுக்கு எதிரே போய் நின்று வலது கையை உயர்த்தினாள். அது துள்ளி எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலடிக்கு ஓடி வந்தது.

“இதுக்குக் காது கேக்காதா டீச்சர்?” என்று கேட்டாள் அழகி.

“பொறவியிலேயே கேக்காதுக்கா. இந்த மாதிரி வெள்ளை நாய்ல அப்பப்ப இப்படிப் பொறக்கும். அதத் தெரிஞ்சுக்கிட்டே அப்பனையும் மகளையும் சேத்தா இன்னும் பொறக்கும்.”

“அப்ப எம் முத்து... லாரிக்காரன் அம்புட்டு ஹாரன் அடிச்சானே. தியானத்துல இருக்கு, கலைக்கக் கூடாதுன்னு நானும் வரப்புல நின்னுக்கிட்டு இருந்தேனே! ஓடிப்போயித் தூக்கியிருப்பேனே!”

வேட்டிக்குப் பின்னாலிருந்து சாமி வெளியே வந்து, “பைரவர் இன்னைக்கு மௌன விரதம்” என்றார்.

அழகி மின்னலின் பட்டயத்தைக் கிழிக்கப் பார்த்தாள். கிழியவில்லை. அந்த மனிதர் ஒழுங்காகக் கற்ற தொழில் லேமினேஷன் ஒன்றுதான். அப்படியே அவர் முகத்தில் விட்டெறிந்தாள்.

“அப்பன் யாரு, ஆத்தா யாரு, காது கேக்குதா, நோவு இருக்கா? இது ஒண்ணையும் எழுதாம அரமனைய எழுதியிருக்கியே, ஒனக்கு வெக்கமா இல்ல?” என்று கேட்டுவிட்டு மின்னலை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கூட்டத்துக்கு இப்போதாவது புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். செல்லமுத்து வேட்டியைக் கீழே போட்டுவிட்டு, கைகட்டிக்கொண்டு ஷர்லியிடம் போனார்.

“அம்மா, நீங்க கையத் தூக்குனதும் சித்தன் ஓடி வந்துச்சே, ஒங்களுக்கும் அருள் இருக்குங்களா? எங்க நாயோட ஏழு தலைமுறையக் கொஞ்சம் சொல்லுங்களேன்.”

சித்தனுக்குக் காது கேட்காது. அது அதன் தப்பில்லை. அதைச் சுற்றி நின்ற நமக்கோ கண் நன்றாகவே தெரியும், கும்பிடும்போது இறுக மூடிக்கொண்டோம். கும்பிடாமல் இருக்க முடியாது என்றால் கும்பிட்டுத் தொலையுங்கள். ஒரு கண்ணையாவது திறந்து வைத்துக்கொண்டு கும்பிடுங்கள்.