முதுகில் இஸ்திரிப்பெட்டி

"உங்கள் விருப்பம் போல உடுத்தி வாருங்கள்" என்று ஒரு கம்பெனி சொன்னால் அது பொய். அவர்கள் விருப்பம் போல அரைக்கால் சட்டையில் வா என்றுதான் அர்த்தம். எனக்கு அப்போது இது தெரியாது. என் விருப்பம் கோட்டு. இன்டர்வியூவுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், எதுவானாலும் எங்கள் ஊர் ஆம்பளை கோட்டு போடுவான். (எங்கள் வீட்டில் கட்டில் ஒன்று, கோட்டு இரண்டு.) சுரங்கத் தூசியில் டாடியின் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும்.

இன்டர்வியூ அன்று காலை மம்மி பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே என் சட்டையைத் தேய்த்தார். முதுகில் பெட்டி வடிவத்திலேயே கருகி ஓட்டை. இருந்த ஒரே வெள்ளைச் சட்டை.

"மேல கோட்டு போடப்போற. யாரு பாக்கப்போறா? ரயிலுக்கு ஓடு" என்றார்.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் நாற்காலியே இல்லை. தரையில் மூட்டை மூட்டையாக பீன் பேக். எதிரே அரைக்கால் சட்டை, ஹவாய் செருப்போடு மேனேஜர். பெங்களூரிலேயே தொம்மலூரில் வளர்ந்த தமிழர். உட்கார்ந்தேன், புதைந்தேன். முழங்கால் மோவாயைத் தொட்டது.

"என்ன குரு, இங்கிருந்து நேரா கல்யாண ரிசப்ஷனா? கோட்டக் கழட்டு." (பெங்களூரில் எல்லாரும் எல்லாருக்கும் 'குரு'தான்.)

"பரவால்ல சார்."

"சாரெல்லாம் வேணாம். ஃப்ரீயா இரு."

"ஃப்ரீயாத்தான் இருக்கேன்." (வியர்வை சாக்ஸ் வரை இறங்கிவிட்டது.)

எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். அவர் கண் கோட்டிலேயே இருந்தது.

"வேலை தெரியுது உனக்கு. ஆனா நம்ம டீமோட ஒட்டுவியான்னுதான் டவுட். ஒரு கோட்டக் கழட்ட இவ்ளோ யோசிக்கிற."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எழுந்தேன். (எழுவதற்கே தரையில் உருள வேண்டியிருந்தது.) கோட்டைக் கழற்றி முதுகைக் காட்டினேன்.

"போதுமா? எங்க ஊர்ல வேலை கேட்டு வர்றவன் மரியாதையா உடுத்திட்டு வருவான். வேலை குடுத்தாலும் நான் கோட்டுதான் போடுவேன்."

மேனேஜர் முதுகை உற்றுப் பார்த்தார்.

"செம டிசைன் குரு. எந்தக் கடை?"

வேலை கிடைத்தது. என் பதில்களுக்கா, முதுகுக்கா என்று இன்றுவரை தெரியாது. அரைக்கால் சட்டைகளுக்கு நடுவே இன்றும் கோட்டோடுதான் உட்காருகிறேன். யாரும் கழற்றச் சொல்வதில்லை.

வீட்டில்தான் மானம் போகிறது. எதையாவது கருக்கிவிட்டால் என் மனைவி அசராமல் நீட்டுகிறாள்: "இத மாட்டிட்டுப் போங்க. ப்ரமோஷன் தருவாங்க." மம்மியோ, எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.