டைம்கீப்பரின் மதியச் சாப்பாடு

பஸ் டெப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்பலாம் என்று விசில் ஊதிச் சொல்வது அவர் வேலை. வீட்டில் அந்த விசில் மனைவியிடம் இருந்தது. இத்தனை வருஷ இல்லறத்தில் டைம்கீப்பர் தாமாக எடுத்த முடிவு என்று எதையும் காட்ட முடியாது. ஓய்வு பெறக் கொஞ்ச நாளே இருந்தபோது முதல்முறையாக ஒன்று எடுத்தார். கல்யாண நாள் பரிசாக மனைவியைச் சமையல் வகுப்பில் சேர்த்துவிடுவது.

சிரிக்காதீர்கள். மனுஷனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அந்த அம்மாள் சமைத்ததை வாயில் வைத்தால் முதலில் காரம் உச்சந்தலைக்கு ஏறும். அது இறங்குவதற்குள் புளிப்பு பல்லைக் கூச வைக்கும். உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரவு ஒரு வேளையை, 'மத்தியானம் சாப்பிட்டதே இன்னும் ஜீரணமாகலை' என்று இரண்டு வாயோடு நிறுத்தி, தண்ணீரைக் குடித்துச் சமாளித்துவந்தார். காலை டிபனுக்கும் மதியத்துக்கும் கேன்டீன் இருந்தது. மனைவி கட்டிக்கொடுக்கும் டப்பா, அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதிலிருந்தே, உதிரிபாகங்களுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் ஸ்டோர்காரருக்குப் போய்க்கொண்டிருந்தது. கூட்டாளிகள் எல்லாரும் கேன்டீனில் அரட்டை அடிக்கும்போது தான் மட்டும் டப்பாவைத் திறப்பதா என்று ஆரம்பித்த பழக்கம். ஸ்டோர்காரர் தனிக்கட்டை. அவருக்கு உறவென்று இருந்தது மூக்குப்பொடி டப்பி ஒன்றுதான். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாயார வாழ்த்துவார்.

ஓய்வு பெற்றுவிட்டால் மூன்று வேளையும் வீட்டில்தான். டைம்கீப்பர் காலண்டரில் மிச்ச நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு சிக்கல். இதுவரை ஒரு நாள்கூட அவர் மனைவியின் சமையலைக் குறை சொன்னதில்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே அவள் வந்து நிற்பாள், இன்றைக்கு எப்படி இருந்தது என்று. சாப்பிடாதவர் என்னத்தைச் சொல்வார்? ஸ்டோர்காரர் விரலை நக்கிக்கொண்டே என்ன சொன்னாரோ அதையே கொண்டுவந்து ஒப்பிப்பார். பிரமாதம், இன்னும் கொஞ்சம் காரம் தூக்கலாக இருந்தால் இன்னும் பிரமாதம். புளிப்பு ஒரு சொட்டு சேர்த்தால் தேவாமிர்தம். அவள் முகம் மலர்ந்துபோகும். அந்த முகத்தைப் பார்க்கிறதுக்காகவே அவர் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பார்.

தினமும் தாம் பாராட்டிவந்த மனைவிக்குச் சமையல் வகுப்பைப் பரிசாகக் கொடுக்க முகம் வேண்டுமே. தன்னால் சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று தீர்மானித்து, விடுமுறை நாட்களில் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினார். ஓர் இடத்தில் கேக்குக்குப் பூ வைத்துச் சீவிச் சிங்காரிப்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு மத்தியானம் பசியாற முடியுமா? இன்னோர் இடத்தில் யார் எதைச் செய்தாலும் ருசி பார்ப்பதற்கு முன்பே கைதட்டினார்கள். அந்த வேலையைத்தான் அவரே வீட்டில் செய்துகொண்டிருக்கிறாரே!

கடைசியில் கண்ணில் பட்டவர் கப்பல்காரர். சரக்குக் கப்பலில் பல ஊர் ஆட்களுக்குப் பொங்கிப் போட்டுவிட்டுக் கரை ஒதுங்கியவர். ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைப்பார், பட்டென்று உள்ளதைச் சொல்வார். டைம்கீப்பர் போன அன்றைக்கு ஒரு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். 'இவர்தான் நமக்கு ஆள்' என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

கல்யாண நாளன்று ரசீதை நீட்டினார். அவள் இரண்டு தரம் படித்தாள்.

"எதுக்குங்க இது? என் சமையல்ல என்ன குறை?"

"குறையா? குறை இருந்தா டெய்லி டப்பா ஏன் காலியா வருது? உன் கைப்பக்குவத்துக்கு ஒரு சர்டிபிகேட் இருக்கட்டுமேன்னு பார்த்தேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, இவ்வளவு ஆசையாகக் கொடுக்கிறதை வேண்டாம் என்பானேன், போகிறேன் என்றாள்.

முதல் வகுப்புக்கு, வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்ததைச் செய்து எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். அவளும் பார்த்துப் பார்த்துச் செய்து எடுத்துப்போனாள். அவள் திரும்பி வருகிறவரை டைம்கீப்பருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அழுதுகொண்டு வந்தால் என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். அவள் அழவில்லை. பையை மாட்டிவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏங்க, நீங்க எப்பவாவது மூக்குப்பொடி போடுவீங்களா?"

"சீச்சீ! அந்த நாத்தமே எனக்கு ஆகாது. எங்க ஸ்டோர்காரர்தான் போடுவார்."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்குத் தான் கெட்டதுகூடத் தெரியவில்லை.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு மாறிவிட்டது. காரம் காரமாக இருந்தது, தண்டனையாக இல்லை. எல்லாம் அளவோடு இருந்தது. ஒரு நாள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் இவள் கை இப்படித்தான் இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நடுவில் எப்படிக் கெட்டது என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை. ஸ்டோர்காரரோ டப்பாவில் ஒரு மாற்றமும் இல்லை, அதே காரம், அதே புளிப்பு என்று அடித்துச் சொன்னார். பொடி போட்டுப் போட்டு மனுஷனுக்கு நாக்கே செத்துவிட்டது, பாவம் என்று டைம்கீப்பர் பரிதாபப்பட்டார்.

ஓய்வு பெறும் நாள் வந்தது. பேசினார்கள், கைகுலுக்கினார்கள், அனுப்பிவைத்தார்கள். அவருக்கு ஒரு துளி வருத்தமில்லை. மறுநாள் காலையிலிருந்தே அடுக்களை மணம் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பகல் ஏறியதும் கையைக் கழுவிக்கொண்டு மேசையில் போய் உட்கார்ந்தார். தட்டு வரவில்லை. மூடிய டப்பா வந்தது.

"இதை ஸ்டோர்கார அண்ணன்கிட்ட கொடுத்துட்டு வாங்க."

டைம்கீப்பர் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள். அவள் கோபமாக இருந்திருந்தால் அவருக்குப் பழக்கம். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. நிதானமாகச் சொன்னாள். கப்பல்காரர் ஒரு கரண்டி ருசி பார்த்தாராம். பக்குவம் தவறவில்லை, ஆனால் இது மூக்குப்பொடி போடுகிற நாக்குக்கென்றே அளந்து செய்தது, உங்கள் வீட்டுக்காரர் போடுவாரா என்று கேட்டாராம். அவளுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டாள், இவரே சொல்லிவிட்டார்.

"தினமும் ஒருத்தர் என் சாப்பாட்டை ருசிச்சுச் சாப்பிட்டு, இது வேணும் அது வேணும்னு சொல்லி அனுப்புறார்னு எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும். அது ஒண்ணும் பொய்யில்லை. ஆள்தான் வேற."

அவர் தலை தானாகக் குனிந்தது. இத்தனை வருஷம் தின்ற காரத்தைவிட இது எரிந்தது. நல்ல கையைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டு, அதைத் திருத்த வகுப்பும் தேடி அலைந்தோமே என்று வெட்கமாக இருந்தது. தப்புதான் என்றார். அதை மனசாரத்தான் சொன்னார். ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

"அப்போ எனக்கு?"

"ராத்திரி உங்க நாக்குக்குச் செய்வேன். மத்தியானம் அவருக்கு. அவருக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு."

"மத்தியானம் நான் எங்க போவேன்?"

"கேன்டீனுக்குத்தான். ரிட்டயர் ஆனவங்களுக்கும் போடுவாங்களாம், விசாரிச்சுட்டேன்."

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். டப்பா கையில் சூடாக இருந்தது. வாசற்படி இறங்கும்போது அவள் கூப்பிட்டுச் சொன்னாள்.

"சாயங்காலம் அவர் என்ன சொன்னார்னு வந்து சொல்லுங்க. எப்பவும்போல, நீங்களே சாப்பிட்ட மாதிரி சொன்னாலும் பரவாயில்லை."